ஜப்பானிய மொழியில் பேசிப் பழக: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் கூடி ஜப்பானிய மொழி பேசிப் பழகுகிறோம். பாடம் நடத்துவதில்லை, பேச்சு மட்டும்தான். நான் பேராசிரியை இல்லை. ஐடி கம்பெனியில் ஜப்பான் கிளையண்ட் பக்கம் பல வருடம் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட மொழி இது. புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடுவதால் எழுதி வைத்துவிட்டேன்.

ஜப்பானியச் சொற்களைக் கீழே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். க, ச, த, ப வரிசைகளில் நமக்கு வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் ஒரே எழுத்துதான் என்பதால் இவை எல்லாம் தோராயம். சரியான ஒலியைக் காதால்தான் பிடிக்க வேண்டும்.

"அக்கா, என்4 பாஸ் பண்ணிட்டேன். ஆனா பேசுன்னா வாயே வரல. என்கிட்ட என்ன கோளாறு?"

உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை. உங்களை யாரும் பேசச் சொல்லவே இல்லை, அவ்வளவுதான். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984-இல் தொடங்கியது. 2010 முதல் என்5-இல் ஆரம்பித்து என்1 வரை ஐந்து நிலைகள். இந்த ஐந்தில் ஒன்றில்கூட வாய் திறந்து பேசும் பகுதி கிடையாது. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கறுப்பாக்கும் வேலை. என்5-க்கு மொத்தம் 180, தேற 80. அதில் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதிக்கு 60 மதிப்பெண். குறைந்தபட்சம் 19 வாங்கினால் அந்தத் தடையைத் தாண்டிவிடலாம்.

நான்கு விடைகளில் சரியானது எது என்று கண்டுபிடிப்பது ஒரு திறமை. வெறும் காற்றிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து இரண்டு நொடிக்குள் எதிரில் நிற்பவரிடம் கொடுப்பது வேறு திறமை. இங்கே பிறந்து வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகள் "தமிழ் புரியும், பேச வராது" என்பார்களே, அதே கதைதான். தேர்வை விட்டுவிடச் சொல்லவில்லை. வேலைக்கு அந்தச் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அது பேச்சையும் சேர்த்துக் கொடுக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

"அப்ப எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

நான் திருப்பிக் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: நீங்கள் கன்னடம் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?

பெரும்பாலோர் சிரிப்பார்கள். யாரும் இலக்கணப் புத்தகம் வாங்கவில்லை. முதல் வாரம் "எஷ்டு", "பேடா", "கொத்தில்லா". காய்கறிக் கடையில் அந்த மூன்றை வைத்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டினோம். பிறகு ஆட்டோவில் இடது, வலது, நேராக. அப்புறம் வீட்டு ஓனரிடம் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்ல வேண்டி வந்தது, இறந்தகாலம் தானாக வந்து சேர்ந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பிடி வாக்கியம், அதே இடத்தில் திரும்பத் திரும்ப, தப்பாகச் சொன்னாலும் தக்காளி கிடைத்துவிடும். இதுதான் முறை.

ஜப்பானியத்தில் சிக்கல் என்னவென்றால் அந்தக் கடையும் ஆட்டோவும் இங்கே இல்லை. அந்தத் தெருவை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் மொட்டை மாடி அதற்குத்தான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஒரு வகையில் தெரு போடும் வேலையைப் பற்றியவை.

"ஒரு வாரம் ஒரு இடம்னு சொல்றீங்களே, அதை எப்படிச் செய்யறது?"

ஒரு வாரத்துக்கு ஒரே சூழல். உதாரணத்துக்கு, திங்கட்கிழமை மீட்டிங் தொடங்கும் முன் வரும் அந்த இரண்டு நிமிடம். எதிர்ப்பக்கம் கேட்பது எப்போதும் இதுதான்: "ஷூமட்ஸு வா நனி ஓ ஷிமஷ்தா கா", அதாவது வார இறுதியில் என்ன செய்தீர்கள்.

எங்கள் குழுவில் புதிதாக வந்த ஒரு தம்பி முதல் நாள் சொன்ன பதில்: "எய்கா ஓ மிமஷ்தா." படம் பார்த்தேன். இலக்கணம் சுத்தம். பிறகு மௌனம். எதிரில் இருந்தவர் என்ன செய்வார்? அவரும் மௌனம். காக்கா கத்துவது மட்டும் கேட்டது.

அதற்காகவே ஒரு விதி வைத்திருக்கிறோம்: எந்தக் கேள்விக்கும் இரண்டு வாக்கியம் பதில், பிறகு ஒரு எதிர்க்கேள்வி. அடுத்த வாரம் அவர் சொன்னது: "தொமொதச்சி தோ எய்கா ஓ மிமஷ்தா. தமிருகோ நோ எய்கா தெஸ்." நண்பரோடு படம் பார்த்தேன், தமிழ்ப் படம். கடைசியில் எதிரே இருப்பவரின் பெயரோடு ஸன் என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்து "வா?" என்று ஓர் இழுப்பு. "நீங்க?" என்பதற்கு அது போதும். இப்போது பந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

அதே கேள்விக்கு அந்த வாரம் முழுக்க ஏழு நாள் ஏழு பதில். ஒரு நாள் துணி துவைத்தேன், ஒரு நாள் தூங்கினேன், ஒரு நாள் ஊருக்குப் போனேன். போனில் பதிவு செய்து, திரும்பக் கேட்டு, இன்னொரு முறை சொல்லுங்கள். முதல் பதிவைக் கேட்க சகிக்காது, என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. அடுத்த வாரம் வேறு சூழல்: சாப்பாடு, குடும்பம், லீவு கேட்பது, தாமதத்துக்கு மன்னிப்பு. மூன்று மாதத்தில் பன்னிரண்டு சூழல் கையில் இருக்கும். சாதாரணப் பேச்சில் பெரும்பகுதி இவற்றுக்குள் அடங்கிவிடும்.

சொல்ல விஷயமே இல்லை என்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1998-இல் ரஜினி படம் ஒன்று ஜப்பானில் சக்கைப்போடு போட்டது. கொஞ்சம் வயதான ஜப்பானியர்களிடம் ரஜினி பெயரைச் சொல்லிப் பாருங்கள். "அவர் எங்க ஊர்லதான் பஸ் கண்டக்டரா இருந்தார்" என்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தால் பத்து நிமிடம் ஓடும்.

"காஞ்சி எத்தனை தெரிஞ்சா பேச ஆரம்பிக்கலாம்?"

பூஜ்யம். காஞ்சி என்பது சீனாவிலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்து. அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு வகுத்திருக்கும் காஞ்சிப் பட்டியலில் 2136 எழுத்துகள் இருக்கின்றன. அதை முடித்துவிட்டுப் பேசலாம் என்றால் பேரன் வந்துவிடுவான்.

ஆனால் ஹிரகனா, அதாவது ஒலியைக் குறிக்கும் எழுத்து, கட்டாயம் வேண்டும், முதல் இரண்டு வாரத்திலேயே. அடிப்படை எழுத்து 46தான். அந்த அட்டவணையைப் பார்த்தால் நமக்குப் பழகிய முகமாகத் தெரியும்: உயிரில் அ, இ, உ, எ, ஒ, மெய்யில் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹ இருக்கும் இடத்தில் பழைய காலத்தில் ப ஒலி இருந்தது, அதை வைத்துப் பார்த்தால் நம் வரிசையோடு அப்படியே பொருந்தும். இது தற்செயல் இல்லை. பௌத்தத்தோடு போன சமஸ்கிருத எழுத்துப் படிப்பின் தடம் அது.

"தமிழ் தெரிஞ்சவங்களுக்கு ஜப்பானியம் ஈஸின்னு சொல்றாங்களே, நிஜமா?"

வாக்கிய அமைப்பில், நிஜம். ஆங்கிலம் வழியாகப் படிப்பதுதான் நம் ஆட்கள் செய்யும் முதல் தவறு. வினைச்சொல் கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், "நான் நேற்று வாங்கின புத்தகம்" என்று வினை முன்னால் வந்து பெயரைத் தழுவுவது எல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். மனதில் தமிழில் நினைத்து வார்த்தையை மட்டும் மாற்றினால் பாதிக் கிணறு தாண்டியாகிவிடும்.

அதைவிட ருசியான இடம் துணைவினைகள். "இத்தே" என்றால் போய், "மிரு" என்றால் பார். "இத்தே மிரு" என்பது போய்ப் பார். "தபெதே மிரு" என்பது சாப்பிட்டுப் பார். கண்ணால் பார்ப்பது இல்லை, முயற்சி செய்து பார்ப்பது. அந்த அர்த்த நெளிவுகூட அச்சு அசல். "ஒகு" என்றால் வை. "கத்தே ஒகு" என்பது வாங்கி வை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்வது "இத்தே கிமஸ்", போயிட்டு வரேன். ஆங்கிலப் பாடநூல் இதற்கு அரைப் பக்க விளக்கம் எழுதும். நம் பாட்டிக்கு விளக்கமே வேண்டாம்.

நம் இரட்டைக்கிளவிக்கும் அங்கே உறவினர்கள் உண்டு. நெஞ்சு படபடத்தால் "தொகிதொகி", நட்சத்திரம் மினுமினுத்தால் "கிரகிர", ஒருவர் தடங்கலில்லாமல் மொழி பேசினால் "பெரபெர". இது, அது, எது போல "கொரே, ஸொரே, அரே, தொரே". நடுவில் உள்ள ஸொரே, கேட்பவர் பக்கம் இருக்கும் பொருளுக்கு. தமிழ்நாட்டில் நாம் தொலைத்துவிட்ட 'உது' இலங்கைத் தமிழில் இன்னும் இருக்கிறது, கிட்டத்தட்ட அந்த இடம்.

இதையெல்லாம் வைத்து இரண்டும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய அறிஞர் ஸுஸுமு ஓனோ வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நமக்கு அந்தச் சண்டை தேவையில்லை, பேச உதவினால் சரி.

"உச்சரிப்புல நம்ம ஆளுங்க எங்கே சறுக்குவோம்?"

முதலில் நல்ல செய்தி. குறில் நெடில் நம் ரத்தத்தில் இருக்கிறது. "ஒபஸன்" அத்தை, "ஒபாஸன்" பாட்டி. இதை மாற்றிச் சொல்லி ஆங்கிலம் பேசுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள், நாம் மாட்டமாட்டோம். "கிதே" வா, "கித்தே" தபால்தலை. ஒற்று மிகுந்தால் பொருள் மாறும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் மாத்திரைக் கணக்கில் ஒரு வித்தியாசம். தமிழில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் ஒற்றுக்கும் "ன்" ஒலிக்கும் முழு ஒரு மாத்திரை. "நிப்பொன்" என்பதை நாம் இரண்டு தட்டில் முடித்துவிடுவோம். அவர்களுக்கு அது நி, ப், பொ, ன் என்று நான்கு தட்டு. "கொன்னிச்சிவா" ஐந்து. தொடையில் தாளம் போட்டுச் சொல்லிப் பழகுங்கள். கர்நாடக சங்கீதம் கற்ற ஒரு அம்மா எங்கள் குழுவில் இதை ஒரே நாளில் பிடித்துவிட்டார்.

சறுக்கும் இடம் வேறு. இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றைக் க வந்தால் தமிழ் நாக்கு அதைத் தானாக மென்மையாக்கும், "பகல்" என்பதில் வருவதுபோல. "ககி" என்பதை நடுக் க வலிதாகச் சொன்னால் ஒரு பழம். மெலிதாகச் சொன்னால் சாவி. இதைச் சரிசெய்கிறேன் என்று சிலர் "கக்கி" என்று அழுத்துவார்கள், அதுவும் தவறு, ஒற்று கூடிவிடும். வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. கன்னடக்காரர்கள் "ஸாகு", "பேகு" என்று சொல்வதைக் கவனித்துக் கேளுங்கள். க்க இல்லை, "பகல்" க-வும் இல்லை. வலிதான, ஒற்றையான க. நாம் இத்தனை வருடமாக "சாக்கு, பேக்கு" என்று சொல்லி சமாளித்துவிட்டோம். இப்போதாவது திருத்திக்கொள்ளலாம், இரண்டு மொழிக்கும் ஆகும்.

ல, ள, ழ பிரச்சினை இல்லை. அவர்களிடம் இருப்பது ஒரே ர, நம் ர போலவே நுனிநாக்கில் தட்டுவது. டோக்கியோப் பேச்சில் சுருதி ஏற்ற இறக்கத்தாலும் பொருள் மாறும்: "ஹஷி" மேலிருந்து கீழே இறங்கினால் சாப்பிடும் குச்சி, கீழிருந்து ஏறினால் பாலம். முதல் வருடம் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். சாப்பாட்டு மேஜையில் யாரும் பாலம் கேட்கமாட்டார்கள்.

"எதிராளி நீளமா பேசறப்ப நான் என்ன பண்றது? சும்மா கேட்டா போதாதா?"

போதாது. சும்மா கேட்டால் லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைப்பார்கள். பாட்டி கதை சொல்லும்போது "உம்" கொட்டாவிட்டால் "தூங்கிட்டியா?" என்று நிறுத்துவாளே, ஜப்பானியர்கள் எல்லோரும் அந்தப் பாட்டிதான். இதற்கு அங்கே பெயரே உண்டு, அய்ஸுச்சி. கொல்லன் பட்டறையில் இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டி போடுவதிலிருந்து வந்த சொல். அவர் ஓர் அடி, நீங்கள் ஓர் அடி. "ஹாய்", "ஏ" (இரண்டும் ஆமாம்), "ஸோ தெஸ் நே" (ஆமாம் இல்லையா), "ஸோ தெஸ் கா" (அப்படியா). வாக்கியம் முடியும்வரை காத்திருக்காமல் நடு நடுவே போட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. இந்த "ஹாய்" ஒத்துக்கொண்டதாக ஆகாது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் பொருள். பேச்சை "ஹாய்!" என்று நம் பாணியில் உற்சாகமாகத் தொடங்கினால் அவர்கள் காதில் "ஆமாம்!" என்று விழும். இன்னொன்று, வீடியோ காலில் நம் தலையாட்டல். பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாமா இல்லையா என்று அங்கே குழம்பிவிடுவார்கள். மேலும் கீழும் மட்டும் ஆட்டுங்கள். சொல்வது சுலபம், எனக்கே இன்னும் கழுத்து அடங்கவில்லை.

"ஒண்ணுமே புரியலைன்னா?"

புரிந்ததுபோல் நடிக்காதீர்கள். நான் நடித்திருக்கிறேன். முதல் வருடம் ஒரு போன் காலில் கிளையண்ட் ஏதோ நீளமாகச் சொன்னார். நான் "வகரிமஷ்தா" என்றேன். புரிந்தது, செய்கிறேன் என்று அர்த்தம். நான் சொன்னது பேச்சு முடிந்தால் போதும் என்ற அர்த்தத்தில். மறுநாள் காலை ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார்கள். அப்படி ஒன்றை ஒத்துக்கொண்டதே எனக்குத் தெரியாது. அன்று மத்தியானச் சாப்பாடு இல்லாமல் உட்கார்ந்து செய்து முடித்தேன்.

அதனால் முதல் வாரமே மனப்பாடம் செய்ய வேண்டியவை: "மோ இச்சிதோ ஒனெகாய்ஷிமஸ்", இன்னொரு தடவை சொல்லுங்கள். "யுக்குரி ஒனெகாய்ஷிமஸ்", மெதுவாகச் சொல்லுங்கள். புரியாத ஒரே சொல்லை மட்டும் பிடித்து, பின்னால் "தே நன் தெஸ் கா" சேர்த்தால், "அப்படின்னா என்ன?" இந்த மூன்றாவதுதான் பேச்சை உயிரோடு வைக்கும். யோசிக்க நேரம் வேண்டுமா? நாம் "அது வந்து..." என்று இழுப்பதுபோல "ஏதோ..." அல்லது "அனோ..." என்று இழுங்கள். ஆங்கிலத்தில் இழுத்தால் மூளை ஆங்கிலத்துக்கே போய்விடும்.

அவர்கள் சொல்லாமல் சொல்வதையும் கேட்கப் பழக வேண்டும். "ஸொரே வா ச்சொத்தோ..." என்று பாதியில் நிறுத்தினால், முடியாது என்று அர்த்தம். "தாய்ஜோபு தெஸ்" என்றால் பரவாயில்லை. ஆனால் நீங்கள் இன்னொரு காபி நீட்டும்போது சொன்னால், "இருக்கட்டும்", அதாவது வேண்டாம். "இருக்கட்டும்" புரிந்த நமக்கு இதுவும் புரியும்.

"மரியாதை மொழி பயமுறுத்துது. அதை எப்பப் படிக்கிறது?"

பேச்சு ஓரளவு வந்த பிறகு. முதல் ஆறு மாதம் "தெஸ்", "மஸ்" என்று முடியும் வடிவம் மட்டும் போதும். அது யாரையும் புண்படுத்தாது.

ஆனால் ஓர் இடத்தில் தமிழ் மரியாதை நம்மைக் கவிழ்க்கும். அப்பாவைப் பற்றி யாரிடம் பேசினாலும் நாம் "அப்பா சொன்னார்" என்போம். ஜப்பானியத்தில் வெளியாளிடம் பேசும்போது நம் வீட்டாரைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும். ஆபீசும் வீடுதான். கிளையண்டிடம் நம் மேனேஜரைப் பற்றிச் சொல்லும்போது அவர் பெயரோடு ஸன் சேர்க்கக் கூடாது. எங்களில் பலருக்கு மேனேஜரை வெறும் பெயரில் சொல்ல நாக்கு கூசும். தன் அப்பாவை வெளியாளிடம் சொல்லும் சொல் "ச்சிச்சி", அம்மாவை "ஹஹ". முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள், சிரித்து முடித்துவிட்டுப் படிப்போம்.

"அனதா" என்றால் நீங்கள் என்று புத்தகத்தில் இருக்கும். பேச்சில் தவிர்த்துவிடுங்கள். பெயரோடு ஸன். உங்கள் சொந்தப் பெயரோடு மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

"நம்பர் சொல்லும்போது மட்டும் திணறுறேன்."

எல்லோரும்தான். நாம் ஆயிரத்துக்கு மேல் லட்சம், கோடி என்று போகிறோம். அவர்களுக்குப் பத்தாயிரம்தான் படிக்கட்டு, பெயர் "மன்". 25,000 ரூபாய் வாடகை "நிமன் கொஸென்", அதாவது இரண்டு பத்தாயிரம், ஐயாயிரம். ஒரு லட்சம் "ஜூமன்", பத்து லட்சம் "ஹ்யகுமன்", ஒரு கோடி "இஸ்ஸென்மன்". ஒன்றுக்குப் பின்னால் வரும் சைபர்களை மூன்று மூன்றாகப் பிரிக்காமல் நான்கு நான்காகப் பிரித்துப் பாருங்கள். டோல்கேட்டில் நிற்கும்போது முன்னால் இருக்கும் வண்டிகளின் நம்பரை வாசிப்பது நல்ல பயிற்சி. பெங்களூரில் அதற்கு நேரம் தாராளம்.

"பேசறதுக்கு ஜப்பானியர் யாரும் கிடைக்கலையே?"

ஹலோடாக், டேன்டெம் மாதிரி ஆப்களில் மொழி மாற்றிக்கொள்ள ஆள் கிடைப்பார்கள். தமிழ் கற்க விரும்புகிறவர் அபூர்வம். ஆங்கிலத்துக்குத்தான் கிராக்கி, அரை மணி அது, அரை மணி இது என்று பிரித்துக்கொள்ளுங்கள். நேரம்தான் கவனம். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு 9:30 என்றால் இங்கே மாலை 6, நீங்கள் சில்க் போர்டு சிக்னலில் இருப்பீர்கள். சனிக்கிழமை காலை இங்கே 6:30, அங்கே 10. அதுதான் தோதான நேரம்.

வருடத்துக்கு ஒருமுறை ஜப்பான் ஹப்பா நடக்கும், 2005-இல் தொடங்கிய விழா. பேச்சைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம், ஆனால் வருடத்தில் ஒரு நாளை நம்பி மொழி வளராது. உங்களைப் போலவே தட்டுத்தடுமாறும் இன்னொரு தமிழர் போதும். "தப்புத் தப்பா ஒட்டிக்குமே" என்பார்கள். ஒட்டும், பிறகு உதிரும். பேசாமல் இருந்தால் ஒட்டுவதற்கே ஒன்றும் இருக்காது.

"அனிமே பார்த்துக் கத்துக்கலாமா?"

அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன், காதுக்கு நல்லது. அப்படியே ஆபீசில் பேசினால் வடிவேலு வசனத்தில் வேலைக்கு இன்டர்வியூ கொடுத்த மாதிரி இருக்கும்.

"சரளமா பேச எத்தனை வருஷம் ஆகும்?"

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானியம் கற்பிக்க 2200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அது ஆங்கிலத்திலிருந்து வருகிறவர்களுக்கான கணக்கு, அதில் எழுத்தும் அடக்கம். எங்கள் மாடியில் நான் பார்த்த அளவில், தினம் அரை மணி பேசுகிறவர்கள் ஆறேழு மாதத்தில் அறிமுகமான விஷயத்தில் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கிறார்கள். வாரம் ஒருநாள் மட்டும் வந்து போகிறவர்கள் வருடம் கழித்தும் "ஹஜிமெமஷ்தே"யில், அதாவது முதல் அறிமுக வணக்கத்திலேயே, நிற்கிறார்கள். இடையில் நான்காவது மாதம் வாக்கில் ஒன்றுமே நகராததுபோல் ஒரு தேக்கம் வரும். நிறையப் பேர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அப்போது புதுச் சூழலுக்குப் போகாமல், பழைய பன்னிரண்டையே இரண்டாவது சுற்று எடுத்துப் பாருங்கள். முதல் மாதம் பதிவு செய்ததைக் கேட்டால் எவ்வளவு நகர்ந்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

"ஞாயிற்றுக்கிழமை வரலாமா? என்ன எடுத்துட்டு வரணும்?"

வாங்க. புத்தகம் வேண்டாம். நேற்று என்ன செய்தீர்கள் என்பதற்கு இரண்டு வாக்கியமும், எதிரில் இருப்பவரிடம் கேட்க ஒரு கேள்வியும் போதும். காலை 7:30-க்கு ஆரம்பம், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். படியேறும் இடத்தில் ஒரு நாய் படுத்திருக்கும், ஒன்றும் செய்யாது, "ஒஹாயோ" (காலை வணக்கம்) என்றால் வாலாட்டும்.